பக்கிளின் சிவப்புக் கோட்டு

செப்டம்பர் 9, 1967, சனி

போர்ட்டோபெல்லோ சந்தையில் என் சிநேகிதன் லயனல் ஒரு சிவப்புக் கோட்டு வாங்கினான். நூறு வருடத்துக்கு முந்தைய பட்டாளத்துக் கோட்டு. பித்தளைப் பொத்தான், கழுத்தில் ஜரிகை, உள்ளே செத்த எலி வாசனை. இந்தக் கோடையில் லண்டன் பையன்களில் பாதிப் பேர் செத்த சிப்பாய்களின் துணியில்தான் திரிகிறார்கள். வாரம் முழுக்க இன்ஷூரன்ஸ் ஆபீசில் தலை நிமிராத லயனல், கோட்டைப் போட்டதும் கோட்டையைப் பிடித்தவன் மாதிரி நடந்தான்.

இடது மார்பில் சின்ன ஓட்டை. அந்துப்பூச்சி தின்றது. பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. சும்மா விடுவேனா?

"அது குண்டு பாஞ்ச ஓட்டைடா."

"நெசமாவா? யாரு மேல?"

பெல்ட் பக்கிளைப் பார்த்தேன், பெயர் கிடைத்தது. "ஜோசையா பக்கிள். க்ரைமியா சண்டை. பத்தொம்பது வயசு, உன்னை மாதிரியே."

"என்னிக்குச் செத்தான்?"

எனக்கு மறக்காத ஒரே தேதி, வருடா வருடம் இங்கே தெருவெல்லாம் பொம்மை எரித்துப் பட்டாசு வெடிக்கும் நாள். "நவம்பர் அஞ்சு."

அவன் ஓட்டையைத் தடவிக்கொண்டே வந்தான். ஓட்டை கிடைத்தால் நான் பஸ்ஸே ஓட்டுவேன்.

செப்டம்பர் 23, சனி

நேற்று கிளப். வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். (பொய் இல்லை. டென்சிலுக்கு முப்பது வயது, குழந்தை மாதிரி அழுவான்.) அவன் அங்கே விளக்கு காட்டுகிறவன், நான் எடுபிடி. விளக்கு என் பொறுப்பு, விளக்கம் அவன் பொறுப்பு. இரண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவில் எண்ணெயும் கலர் மையும் விட்டு, விளக்குச் சூட்டில் வைத்தால் சுவர் முழுக்கக் குமிழி விட்டுக் கொதிக்கும். கீழே முந்நூறு பேர் அதைப் பார்த்து வாய் பிளப்பார்கள்.

லயனல் போதை மருந்து தடவிய சர்க்கரைக்கட்டியை நாக்கில் போட்டுக்கொண்டு நடுவில் நின்றான். நீல வெளிச்சத்தில் சிவப்புக் கோட்டு கருப்பாகத்தான் தெரியும். நான் ஒரு சிவப்புத் துளியை விட்டு, புரொஜெக்டரைத் திருப்பி, சரியாக அந்த ஓட்டையின் மேல் நிறுத்தினேன். துளி சூட்டில் வீங்கியது, வழிந்தது, இடுப்பு வரை பற்றி எரிகிற மாதிரி இறங்கியது. அவன் குனிந்து பார்த்தான். மார்பில் கை வைத்தான். கையை எடுத்துப் பார்த்தான். கையும் சிவப்பு!

எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. டென்சில் என் மண்டையில் ஒன்று வைத்தான். "ஏய் குட்டிச்சாத்தான், மருந்து போட்டவன்கிட்ட விளையாடாதேடி. உள்ள போன படம் வெளியே வராது."

அக்டோபர் 2

லயனல் கோட்டோடேயே ஆபீசுக்குப் போனானாம். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். செம!

அக்டோபர் 14, சனி

டீக்கடையில் "லயனல்" என்று மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. "பக்கிள்!" என்றேன். உடனே திரும்பினான்.

நான்தான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஓட்டையில் இப்போது ஒரு விரல் நுழைகிறது. பேசும்போதெல்லாம் விரலை அதற்குள்ளேயே வைத்திருக்கிறான்.

அக்டோபர் 21

சொல்லிவிட்டேன். "லயனல், எல்லாம் சும்மா அடிச்சு விட்டதுடா. பூச்சி தின்ன ஓட்டை. பக்கிள்னு எவனும் கிடையாது. கிளப்ல அந்தச் சிவப்புத் துளி கூட நான்தான் விட்டேன்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். பரிதாபமாகப் பார்த்தான்.

"சும்மாதான் சொன்னே. ஆனா க்ரைமியாவுல இங்கர்மன் சண்டை நடந்தது நவம்பர் அஞ்சுதான். லைப்ரரில பார்த்தேன். உனக்குத் தெரியுமா?"

தெரியாது.

"அப்ப உன் வாயில யாரு அதை வெச்சது, மோ?"

 

அக்டோபர் 29, ஞாயிறு

தெருவில் பொடியன்கள் இப்போதே வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நடைபாதையில் ஒரு வெடி. லயனல் சாக்கடை ஓரமாகக் குப்புற விழுந்து என்னையும் இழுத்தான். புதுசாக ஏதோ கூத்து என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அவன் முதுகில் பூ வைத்தாள்.

"அடுத்த ஞாயிறு" என்றான் காதில். மெதுவாக, பயமே இல்லாமல். அந்தப் பயமில்லாததுதான் —

நவம்பர் 4, சனி

லயனலின் அம்மா மிஸஸ் ஹாலெட் கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு நாளாத் தூங்கலை, பொண்ணு. படுக்கையில அதைப் போட்டுக்கிட்டு உக்காந்தே இருக்கான். இப்பத்தான் டாக்டர் மாத்திரையில கண்ணை மூடினான். நாளை ராத்திரி வரைக்கும் எழ மாட்டானாம்."

கோட்டுதான் காரணம். கோட்டு போனால் பக்கிள் போய்விடுவான். நானும் அவளும் பொத்தானைக் கழற்றி, கையை ஒவ்வொன்றாக உருவினோம். "எரிச்சுத் தொலைச்சிடு" என்றாள்.

எரிக்க நாளையை விட நல்ல நாள் ஏது? தெருக்கோடியில் போன உலகப்போரில் குண்டு விழுந்த காலி மனையில் விறகு அடுக்கியாகிவிட்டது. எரிக்கிற பொம்மைக்குச் சட்டை இல்லை என்று பொடியன்கள் புலம்பினார்கள். கொடுத்தேன். வைக்கோல் கைக்குக் கச்சிதமாக இருந்தது.

அவன் எழும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

நவம்பர் 6

நேற்று ராத்திரி அவன் வெடிச் சத்தத்தில் எழுந்துவிட்டான்.

கோட்டு இல்லை. சத்தம் வந்த பக்கம் பைஜாமாவோடு ஓடி வந்திருக்கான். தெரு முழுக்கப் புகை, வானம் சிவப்பு. நெருப்புக்கு மேலே, நாற்காலியில் கட்டிவெச்சு — சிவப்புக் கோட்டுல ஒருத்தன். முகமூடி போட்டு. மார்புல ஓட்டையோட. எல்லாரும் சுத்தி நின்னு பாடிக்கிட்டு.

நாங்களே கட்டி வெச்சோம். நானே பொத்தான் போட்டேன். இது ஏன்டீ தோணலை உனக்கு?

"அவிழ்த்து விடுங்கடா அவனை!" அந்தச் சத்தம் இன்னும் கேக்குது. யாரும் பிடிக்கறதுக்குள்ள ஏறிட்டான். டென்சில்தான் காலைப் பிடிச்சு இழுத்தான். ரெண்டு பேரும் உருண்டாங்க. லயனல் பொம்மையை விடவே இல்லை. கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருந்தான்.

கை ரெண்டும்

நவம்பர் 7

டென்சில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் துடைத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

லயனலை ஊருக்கு வெளியே மனநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். நீளமான செங்கல் கட்டடம், நிறைய ஜன்னல், எதுவும் முழுசாகத் திறக்காது. அம்மாவைத் தவிர யாருக்கும் இன்னும் அனுமதி இல்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

இன்று என்னை உள்ளே விட்டார்கள். அவன் கை இரண்டும் தீப்புண் கட்டுக்குள். முகம் தெளிவாக இருந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் அவனைப் பார்த்ததே இல்லை.

"பொழைச்சிட்டான், மோ."

"யாருடா?"

சத்தம் போடாதே என்று கண்ணாலேயே காட்டினான். அப்போதுதான் கவனித்தேன். கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடுகிற மாதிரி ஒடுங்கிப் படுத்திருந்தான். சுவர்ப் பக்கம் பாதிக் கட்டில் காலி. போர்வை அங்கேதான் முழுக்க இழுத்துவிடப்பட்டிருந்தது.

"இப்பத்தான் தூங்கினான்" என்றான்.

கிளம்பும்போது மெதுவாகக் கூப்பிட்டான். "அடுத்த வாரம் பன் வாங்கிட்டு வரியா? இங்கே சாப்பாடு அவனுக்குப் பிடிக்கலை."

டிசம்பர் 10, ஞாயிறு

ஸ்டேஷன் கடைக்காரர் எத்தனை பன் என்று கேட்டார். மூன்று என்றேன்.