சனிக்கிழமைகளில் நீங்கள் சொன்ன கதை

அத்தை,

கரியாலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில் மல்லாட்டை வேகும் வாசனை வந்தால் எனக்கு நம் கள்ளக்குறிச்சி வீட்டு டிவிதான் ஞாபகத்துக்கு வருகிறது. மாலை ஜெபம் முடிந்ததும் வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் கொட்டி, கடலையை உரித்துக்கொண்டே நீங்கள் அதன் முன்னால் உட்காருவீர்கள். அந்தக் கடையில் இப்போது ஒரு டிவி வைத்திருக்கிறார்கள். நாம் பார்த்த அதே சீரியலை மதியத்தில் மறுபடி போடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் சாப்பிடப் போகிறேன். சில நாட்களாகப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

நாம் இருவரும் மனம்விட்டுப் பேசியதே இல்லை. சீரியலைப் பற்றி மட்டும் தாராளமாகப் பேசினோம். "தூங்கும்போதுகூட பட்டுப்பொடவ கட்டிக்கினு படுத்திருக்கா பாரு" என்று சிரிப்பீர்கள். ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னதும் மற்றவர்கள் முகத்தையெல்லாம் மாற்றி மாற்றிக் காட்டினால் உங்களுக்கு எரிச்சல் வந்துவிடும். ஆனால் மாமியாராக நடித்த அம்மாவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். "அது கண்ணாலயே பேசுது. மத்ததுங்க சும்மா கத்துதுங்க."

அந்த நேரத்தில்தான் எனக்குக் கரியாலூர் மலையில் நர்ஸ் வேலை கிடைத்தது. வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும், சனிக்கிழமைதான் இறங்கி வர முடியும். பாப்பாவுக்கு நாலு வயது. "அம்மா இன்னா சொல்றாங்கன்னு பாத்துக்கோ" என்று உங்கள் மகன் ஒதுங்கிக்கொண்டார். உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சீரியலிலும் கதாநாயகிக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. சின்னக் குழந்தையை விட்டுவிட்டுப் போவதா என்று அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நீங்கள் சொன்னீர்கள்: "இன்னாத்துக்கு இவ்ளோ யோசன? போவ வேண்டியதுதானே."

நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பாப்பாவை உங்களிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன கதையைக் கேட்பேன். "புள்ள ஜாலியா இருக்குது. மாமியாக்காரி நல்லா பாத்துக்குறா. இவளுக்கு ஆபீஸ்ல நல்ல பேரு" என்பீர்கள். ஒருமுறை துருவிக் கேட்டபோது, "அட போம்மா, ஒண்ணுமே நடக்கல, இழுத்துக்கினு கெடக்கான்" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

போன வருஷம் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, மணலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த உங்கள் மகளிடம், நீங்கள்தான் என்னை வேலைக்குப் போகச் சொன்னீர்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கேட்டார்: "உன்ன அம்மா எங்க போவச் சொல்லுச்சி? சின்னப் புள்ளய வுட்டுட்டு ஒரு வார்த்த கேக்காமப் போறாளேன்னு எங்கிட்ட போன்ல அழுதுச்சி." அப்படியானால் அன்று நீங்கள் சொன்னது எனக்கில்லையா? கதையை இழுக்கிறானே என்கிற சலிப்புதானா? அதை வைத்துக்கொண்டா நான் மலையேறினேன்?

பாப்பாவை என்னோடு அழைத்து வந்து இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

இப்போது இந்த மறு ஒளிபரப்பு. நீங்கள் சொன்ன கதை இதில் இல்லவே இல்லை, அத்தை. அந்தக் குழந்தை சாப்பிடாமல் இளைக்கிறது. அம்மா, அம்மா என்று வாசலைப் பார்த்து அழுகிறது. நீங்கள் மெச்சிய அதே மாமியார், பெற்றவளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். நேற்று கதாநாயகி வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அவள் காலில் விழுந்தாள். கடையில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டா என்னிடம் வேறு மாதிரி சொன்னீர்கள்? மகளிடம் அழுதது யார், எனக்காகக் கதையை மாற்றியது யார்?

கடையிலிருந்து திரும்பும் வழியில் உங்களைப் பற்றிப் பாப்பாவிடம் கேட்டேன். "ஆயாகூட இத பாத்தியே, இந்த எடம் வரும்போது ஆயா இன்னா சொல்லும்?"

அவள் சொன்னாள்: "ஒண்ணும் சொல்லாது. அந்தப் பாப்பா அழுதா ஒடனே சேனல மாத்திடும். அப்புறம் என்னைத் தூக்கி மடில வெச்சிக்கும்."

பாப்பா பார்த்துவிடக் கூடாது என்றா மாற்றினீர்கள், உங்களால் பார்க்க முடியாமலா? என் மேல் இருந்த கோபம் ஆறியதா, கடைசி வரை இருந்ததா? எனக்கு எதுவும் தெளியவில்லை. நீங்கள் போகச் சொன்னதாகவே வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறேன். போகச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தேதான் போகிறேன்.