அண்ணன் கடைசியாகச் சொன்னது

9 ஜூலை 2025, புதன்
தல்லாகுளத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். என் வீட்டுக்காரி மீனாதான் இழுத்துக்கொண்டு போனாள். போன வாரம் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாக்கு வெந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தேனாம். டாக்டர் பெயர் பெர்சி. என்னைவிடச் சின்ன வயசுப் பொண்ணு. மாத்திரை எழுதிக் கொடுத்து, "தினமும் மூணு வரி எழுதுங்கண்ணே. நீங்க மட்டும் படிக்கிறதுக்கு" என்றார்.

மலைச்சாமி. வயது 41. பரவை மார்க்கெட்டில் தக்காளிக் கடை. கூட யாவாரம் பார்த்த அண்ணன் கருத்தக்கண்ணன் இறந்து நாற்பத்து மூன்று நாள்.

மூணு வரி தாண்டிவிட்டது.

10 ஜூலை
கடைக்குப் போனேன். வந்தேன். சாப்பிட்டேன்.

12 ஜூலை, சனி
பழங்காநத்தத்தில் இறங்க வேண்டியவன் திருப்பரங்குன்றம் வரை போய்விட்டேன். இறங்கி எதிர் பஸ் பிடித்து வந்தேன். எரிச்சலும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

14 ஜூலை, திங்கள்
அண்ணனைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன்.

மே 27, காலை ஏழு மணி இருக்கும். ஒட்டன்சத்திரம் லோடு வந்தது. இரண்டு பேரும் பெட்டி இறக்கினோம். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "கனகத்தப் பாத்துக்கடா" என்றார். அதுதான் கடைசி.

17 ஜூலை
மதினி வீட்டுக்குப் போனேன். அண்ணன் சொன்ன கனகம் அதுதான், அண்ணன் சம்சாரம் கனகலட்சுமி. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் வந்திருந்தார். "தம்பி, ஆட்டோவுல அவரு சொன்னத இந்த அக்காகிட்ட ஒருக்கா சொல்லுங்க" என்றது மதினி. சொன்னேன். எத்தனையாவது தடவையோ. ஒவ்வொரு தடவையும் மதினிக்கு முகம் தெளிந்துவிடுகிறது. எனக்கு வாய் மட்டும் அசைகிறது.

18, 19, 20
ஒன்றும் இல்லை.

23 ஜூலை, புதன்
மறுபடி டாக்டர்.
"எழுதுறீங்களாண்ணே?"
"எழுதுறேம்மா."
"உள்ளத எழுதுறீங்களா?"
மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

24 ஜூலை
பதினாலாம் தேதி எழுதினது பொய்.

ஆட்டோவில் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே உயிர் இல்லை.

பாதி லோடு இறக்கியிருந்தோம். "மலை, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா, மிச்சத்த நீ எறக்கு"ன்னுச்சு. "வேலைன்னா மட்டும் ஒனக்கு ஒடனே நெஞ்சடைச்சிருமே"ன்னேன். அண்ணன் சிரிச்சுச்சு. சாக்கு அடுக்கியிருந்த இடத்துல போய் உக்காந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல. கோவத்துல ஒத்தையா எறக்குனேன் — எம்புட்டு நேரம்? பத்து நிமிஷமா, இருபதா? வண்டி காலியான பெறகுதான் திரும்புனேன். கண்ணு தெறந்தபடி சாஞ்சு கெடந்துச்சு.

ஆஸ்பத்திரி வாசலில் மதினி என் சட்டையைப் பிடித்து, "எதுவும் சொன்னாரா, எதுவும் சொன்னாரா" என்றது. வாயில் அது தானாக வந்துவிட்டது.

சரி, எனக்கு மட்டும் எழுதுகிற நோட்டில் எதற்குப் பொய்?

எழுதி முடித்துவிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

27 ஜூலை, ஞாயிறு
மீனாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "மதினிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அது அந்த ஒரு வார்த்தையிலதான் எந்திரிச்சு நடமாடுது" என்றாள்.

அவள் சொல்வது சரிதான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு
சொல்லிவிட்டேன்.

மதினி கூப்பிட்டுவிட்டிருந்தது. அண்ணன் போட்டோவைப் பெரிசாக்கக் கொடுத்திருக்கிறதாம். "கீழ அந்த வார்த்தைய எழுதச் சொல்லியிருக்கேன் தம்பி. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு கடைக்கு." எனக்குக் கடைச் சுவர் கண்முன் வந்தது. தினமும் நான் அதைப் பார்க்க வேண்டும்.

நின்றபடியே சொன்னேன். நான் சொன்னது, அண்ணன் சிரித்தது, திரும்பிப் பார்க்காமல் இருந்தது, எல்லாம். மதினி கையில் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து முடித்தது. வைத்தது.

"போயிருங்க தம்பி."

வந்துவிட்டேன்.

6 ஆகஸ்ட்
மதினி போனை எடுக்கவில்லை.

9 ஆகஸ்ட்
மீனாவும் பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், போகிறாள். எனக்காகச் சொன்னேனா, மதினிக்காகச் சொன்னேனா? எனக்காகத்தான்.

12 ஆகஸ்ட்
மழை. கடை. வேறு இல்லை.

16 ஆகஸ்ட், சனி
காலை எட்டு மணிக்கு மதினி மார்க்கெட்டுக்கு வந்தது. அண்ணன் போன பிறகு இதுதான் முதல் தடவை. என் முகத்தைப் பார்க்காமல், "எந்த எடம்?" என்றது. காட்டினேன். தரையிலேயே உட்கார்ந்தது. நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னதுக்குச் சிரிச்சாருன்னீங்களே. எப்பிடிச் சிரிச்சாரு?"

"வாயக் கோணிக்கிட்டு, மதினி."

"பல்லு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"அப்ப நெசமாத்தான் சிரிச்சிருக்காரு" என்றது. பிறகு, "பொய் சொன்ன கோவம் எனக்கு இன்னும் போகல தம்பி. போகுமான்னும் தெரியல. அன்னைக்கு விடியக்காலத்துல இருந்து சொல்லுங்க. ஒண்ணையும் விட்றாதீங்க."

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்குச் சத்தமாக அழுகை வந்துவிட்டது. மதினி தடுக்கவில்லை. முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம், பெறகு" என்றது.

கடைக்கு ஆள் வர வர, பக்கத்துக் கடை காளை அண்ணனே எடை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். பதினோரு மணி வரை நாங்கள் எந்திரிக்கவில்லை.