பிரேக்கை மிதிக்க ஒரு கால்

அக்டோபர் 3, திங்கள்

பள்ளிச் சமையலறைக்குப் போகும் வழியில், மர லாரிக்கு வழிவிட்டு நின்றேன். என் கார் நடுங்கியது. ஸ்டியரிங், இருக்கை, என் பல்கூட. ஓடும்போது ஒன்றுமில்லை, நின்றால்தான். இருபத்திரண்டு வயது வண்டி. மே மாதம் ஓவுலு நகரத்தில் அந்தப் பெண்ணோடு வாழப் போனபோது என் கணவர் தபானி விட்டுப்போனது. இது நின்றால் என் வேலையும் நிற்கும். இருபத்தெட்டு கிலோமீட்டர், பஸ் கிடையாது.

அக்டோபர் 5, புதன்

ஒர்க்‌ஷாப்காரர் அரை நிமிடம் காது கொடுத்தார். "பழைய இரும்புக்குப் போட்டுடுங்கம்மா." இன்று என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான். "உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம்" என்று பிள்ளைகள் தட்டை நீட்டுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

அக்டோபர் 8, சனி

நூலகத்திலிருந்து ரிப்பேர் கையேடு எடுத்துவந்தேன். நான்கு பிளக்கும் மாற்றினேன். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாய் வளைத்து வெடிப்பு தேடினேன். இல்லை. ஆட்டம் அப்படியே.

அக்டோபர் 9, ஞாயிறு

இன்ஜினை ஓடவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். வேறெங்கே போக? இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் துளியும் அசையவில்லை. நான்தான் ஆடுகிறேன். அப்படியானால் இன்ஜின் ஒழுங்காகத்தான் ஓடுகிறதா? ஆட்டோமேட்டிக் கியரை நியூட்ரலுக்கு எடுத்தேன்; ஆட்டம் பாதியாகக் குறைந்தது.

கையேட்டில் இருக்கிறது. இன்ஜின் ரப்பர் தாங்கிகள்மேல் உட்கார்ந்திருக்குமாம். ஒன்று கிழிந்தால் இன்ஜினின் அதிர்வு முழுக்க வண்டிக்கு வரும். சோதிப்பது சுலபம்: ஒருவர் உள்ளே பிரேக்கை அழுத்திக்கொண்டு, கியரில் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். இன்னொருவர் பானெட்டுக்குள் பார்க்க வேண்டும்.

இன்னொருவர்.

அக்டோபர் 10, திங்கள்

தபானிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் எடுத்தாள். வைத்துவிட்டேன். ஐம்பத்தாறு வயசுல இது என்ன வேலைடி இர்யா.

அக்டோபர் 15, சனி

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கௌகோ. ஆறு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம், தலையசைப்பதோடு சரி. கண் மங்கியதால் லைசென்சைத் திருப்பிக் கொடுத்தவர்.

"பிரேக்கை மிதிச்சுப் புடிக்க ஒரு கால் வேணும்" என்றேன்.

"கால் ரெண்டு இருக்கு. கண்ணுதான் இல்ல."

"கண்ணு நான் வெச்சிருக்கேன்."

செருப்பைக் கழற்றி பூட்ஸை மாட்டினார்.

நாலு சக்கரத்துக்கும் விறகுக்கட்டை முட்டுக் கொடுத்து, ஓரமாக நின்று பார்த்தேன். அவர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் வலப்பக்கம் எழும்பி தொப்பென்று விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் உள்ளேயிருந்து. "எனக்கே கேட்டுச்சு. வலப்பக்க ரப்பர்."

"அணைச்சிடலாம்."

அணைத்தார். இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. முப்பத்தொரு வருடம் மர லாரி ஓட்டியவராம், எனக்குத் தெரியாது.

"இதப் புடிச்சு நாலு வருஷம் ஆச்சு" என்றார்.

அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அது விடும்வரை இருவரும் பேசவில்லை. இருவராகப் பேசாதிருப்பது, தனியாகப் பேசாதிருப்பதைப்போல் இல்லை.

அக்டோபர் 19, புதன்

ஆர்டர் செய்த ரப்பர் தாங்கி கடைக்கு வந்துவிட்டது. ஒரு ரொட்டி அளவு. இவ்வளவு கனமா?

அக்டோபர் 22, சனி

கௌகோ காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். "ஜாக்கிக்கு மேல பலகை வைங்க. இல்லேன்னா ஆயில் சட்டி ஒடுங்கிடும்." வைத்தேன். கடைசி போல்ட் அசையவே இல்லை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினேன். படாரென்று விட்டது, மல்லாந்து விழுந்தேன்.

"ஒடஞ்சது போல்ட்டா, நீங்களா?"

"ரெண்டும் நல்லா இருக்கு."

"அப்ப எழுந்திருங்க."

பழைய ரப்பர் இரும்பைவிட்டு முழுசாகப் பிய்ந்திருந்தது. புதியதைப் பொருத்தி, சாவியைத் திருப்பி, கியரில் போட்டேன். ஸ்டியரிங்கில் கை வைத்தேன். ஒன்றுமே இல்லை. கொஞ்சம் அழுதேன். அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருக்கும் - காது நன்றாகக் கேட்கும்.

நவம்பர் 6, ஞாயிறு

கௌகோவின் தங்கை ஹில்க்கா கயானி ஊரில் இருக்கிறாள். கூட்டிப்போக ஆளில்லாமல் இரண்டு வருடம் பார்க்கவில்லையாம். இன்று போனோம். மீன் பொதிந்த ரொட்டி அறுத்து வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருண்ணே இது?"

"எதிர்வீடு" என்றார். இரண்டு வாய் தின்ற பிறகு, "இர்யா" என்றார்.

திரும்பும்போது நேர்வழியை விட்டு ஏரியைச் சுற்றி வந்தேன். முக்கால் மணி நேரம் கூடுதல். அவர் ஏனென்று கேட்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவருக்குப் பனிமூட்டம்தான். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் சொன்னார்: "இப்ப எடது... அடுத்து மேடு... மெதுவா, கீழ பாலம்."

எனக்கும் அந்தச் சாலை தெரியும். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.