ஆம்புலன்ஸ் இணையதளத்தில் இருக்கும் என் கைபேசி எண்

அனுப்புநர்:
கா. ஹாஜா முகைதீன் (வயது 64),
பள்ளிவாசல் மேலத் தெரு,
அறந்தாங்கி,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: தனியார் நிறுவனம் ஒன்று அமைத்துக் கொடுத்த வணிக இணையதளங்களில் என் கைபேசி எண் தவறாக இடம்பெற்றிருப்பது – ஆம்புலன்ஸ் சேவைத் தளத்தை உடனடியாகத் திருத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. மேற்கண்ட முகவரியில் நான் தனியாக வசித்து வருகிறேன். ஷார்ஜாவில் துணிக் கிடங்கு ஒன்றில் கணக்கராக நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். திரும்பியதும் என் மனைவி சாரா உம்மாளும் நானும் கட்டுமாவடி சாலையில் அத்தர், தொப்பி, தொழுகை விரிப்பு விற்கும் சிறு கடை வைத்தோம். எங்கள் ஒரே மகள் மிஸ்பா தம் குடும்பத்துடன் கோலாலம்பூரில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பிறகு என்னிடம் பேசுவார்.

2. கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர் என் மனைவி. புதுக்கோட்டையில் அந்தத் தொழில் நடத்தி வந்த திரு. வசந்த் என்பவரிடம் அதை ஒப்படைத்தோம். உள்ளடக்க மேலாண்மை மென்பொருள், அவர்கள் பேச்சில் சி.எம்.எஸ்., என்ற ஒன்றில் அதை அமைப்பதாகச் சொன்னார். "பாய், இதுல வெலைய நீங்களே மாத்திக்கலாம், படம் போட்டுக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் என்னையக் கூப்பிட வேண்டியதில்லங்க" என்றார். அது உண்மைதான். என் மனைவி புதிய அத்தர் புட்டிகளைத் தாமே படம் எடுத்து, வாசனையைப் பற்றி ஒரு வரி எழுதி ஏற்றுவார். எங்களுக்குக் கிடைத்த கடவுச்சொல் பக்கங்களில் எழுதுவதற்கு மட்டுமே என்பதும், பக்கங்களைத் தாங்கும் வார்ப்பின் (டெம்ப்ளேட்) சாவி வசந்திடமே இருந்தது என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

3. சென்ற ஆண்டு என் மனைவி காலமானார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அதன் பிறகு கடைக்குப் போக மனம் வரவில்லை. மூடிவிட்டேன். இணையதளத்தையும் மூடிவிடச் சொன்னேன், வசந்தும் மூடிவிட்டார்.

4. ஆயினும் சில மாதங்களில் என் கைபேசிக்கு அன்னியர்களின் அழைப்புகள் வரத் தொடங்கின. விராலிமலையில் உள்ள ஒரு திருமண மண்டபம் தை மாதத்தில் காலியாக இருக்கிறதா என்று முதலில் ஒருவர் கேட்டார். பின்னர் தென்னங்கன்று கேட்டார்கள், ஆழ்துளைக் கிணறு தோண்ட வண்டி கேட்டார்கள். தவறான எண் என்று சொல்லி வைத்துவிடுவேன். ஆனால் அவர்கள் திரும்பவும் என்னையே அழைத்தார்கள். எண் எங்கே கிடைத்தது என்று அவர்களிடமே விசாரித்ததில், எங்கள் கடைத் தளத்தையே வார்ப்பாக வைத்து வசந்த் மற்ற வணிகர்களுக்கும் தளங்கள் அமைத்துக் கொடுத்திருப்பது தெரிந்தது. பெயர், படம், முகவரி எல்லாவற்றையும் மாற்றியவர், கைபேசித் திரையின் அடியில் பச்சை நிறத்தில் தெரியும் "அழைக்க" என்னும் பொத்தானில் இருந்த என் எண்ணை மட்டும் மாற்றவில்லை.

5. வசந்திடம் உடனே முறையிட்டேன். "சரி பண்ணிர்றேன் பாய்" என்றார். அடுத்த முறை நேரில் சென்றபோது அலுவலகம் பூட்டியிருந்தது. தொழிலை விட்டுவிட்டு வெளிமாநிலம் சென்றுவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவருடைய எண்ணுக்கு இன்றுவரை பதில் இல்லை. விராலிமலைக்குச் சென்று மண்டப உரிமையாளர் திரு. ரகுநாத்தைச் சந்தித்தேன். அவர் கணினியில் தளத்தைத் திறந்து, "எங்க நம்பர்தான இருக்கு, நல்லாப் பாருங்க" என்றார். கணினியில் அந்தப் பொத்தான் தெரிவதில்லை. என் கைபேசியில் திறந்து அவர் கண்ணெதிரே அழுத்தினேன். என் எண்ணுக்கே அழைப்பு போனது. அவர் தம் கடவுச்சொல்லைக் கொடுத்துத் தளத்துக்குள் சென்று மாற்ற முயன்றார். மண்டபத்தின் வாடகையை மாற்ற முடிந்தது, பொத்தானை மாற்ற முடியவில்லை. "எங்க சொத்துலயே எங்களுக்கு உரிமை இல்ல போலருக்கே பாய்" என்று சொல்லி எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மனிதரோடு எதிரெதிரே உட்கார்ந்து நான் பேசி அப்போது நெடுநாள் ஆகியிருந்தது.

6. அதன் பின் அழைப்பவர்களுக்குச் சரியான எண்ணைத் தேடிச் சொல்லத் தொடங்கினேன். மண்டபம் கேட்பவர்கள் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று நானும் கேட்பேன். சிலர் சொல்வார்கள். இது மனுவுக்குத் தேவையற்ற செய்தி என்பதை அறிவேன். அழைப்புகளால் எனக்கு ஏற்படும் தொல்லைக்காக இந்த மனுவை நான் எழுதவில்லை என்பதைத் தெரிவிக்கவே குறிப்பிடுகிறேன்.

7. மனுவுக்கான காரணம் பின்வருமாறு. சென்ற மாதம் ஒரு நண்பகலில் கறம்பக்குடி அருகிலிருந்து ஒரு பெண் அழைத்தார். அங்குள்ள தனியார் ஆம்புலன்ஸ் சேவையின் தளத்தைக் கைபேசியில் திறந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார். "அண்ணே, வண்டி அனுப்புங்கண்ணே. அப்பா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. வீட்ல நான் மட்டுந்தாண்ணே இருக்கேன்" என்றார். இது ஆம்புலன்ஸ் இல்லை, 108-க்கு அழைக்க வேண்டும் என்றேன். "வச்சிராதீங்கண்ணே, வச்சிராதீங்க" என்று அழுதார். என் மனைவியின் கைபேசியை நான் இன்னும் மின்னேற்றி வைத்திருக்கிறேன். அதிலிருந்து 108-ஐ அழைத்து, இந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு ஊருக்கு வழி சொன்னேன். வண்டியின் சத்தம் எனக்கே கேட்கும்வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. அதுவரை அவரிடம் அப்பாவின் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பெயர் பிச்சை, செங்கல் சூளையில் மேஸ்திரி என்று சொன்னார்.

8. திரு. பிச்சை அவர்கள் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். தவறான எண்ணில் நேரம் கழியாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதை நான் அறியேன். அந்தப் பெண், பெயர் இந்துமதி, காரியம் எல்லாம் முடிந்த பிறகு மீண்டும் அழைத்தார். திட்டுவதற்காக இருக்கும் என்று எண்ணித்தான் எடுத்தேன். "நீங்க வைக்காம இருந்தீங்கள்ல, அதுக்குத்தாண்ணே கூப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

9. கறம்பக்குடி ஆம்புலன்ஸ் உரிமையாளரிடமும் பேசிவிட்டேன். அவரிடமும் வார்ப்பின் கடவுச்சொல் இல்லை. தளத்தின் பெயரே வசந்தின் பெயரில்தான் பதிவாகி இருக்கிறது. ஆகவே அதை மூடவும் உரிமையாளரால் இயலவில்லை.

10. "அத்தா, பேசாம நம்பர மாத்திருங்களேன்" என்று என் மகள் சொல்கிறார். நான் மாற்றிக்கொண்டால், அடுத்து ஆம்புலன்ஸ் தேடுகிறவருக்கு இந்த எண்ணில் பதில் சொல்ல ஆள் இருக்காது. எனவே தளம் திருத்தப்படும்வரை எண்ணை மாற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தொழும் நேரம் தவிர மற்ற நேரங்களில் கைபேசி என் கையிலேயே இருக்கிறது. ஆயினும் எனக்கு வயதாகிறது. இரத்த அழுத்தமும் உண்டு. ஒரு நாள் நான் எடுக்காமல் போகக்கூடும்.

11. ஆகவே, திரு. வசந்தைக் கண்டுபிடித்து, கறம்பக்குடி ஆம்புலன்ஸ் தளத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் அதன் உரிமையாளருக்கு மாற்றித் தர ஆணையிட வேண்டுகிறேன். அது தாமதமாகுமானால், அதுவரை அத்தளத்தை முடக்கி வைக்கவாவது உரிய துறைக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். மண்டபம் முதலான மற்றத் தளங்களை அதன் பிறகு திருத்தினால் போதும். மேலும், இணையதளம் அமைக்கும் சிறு வணிகர்கள் எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், தளத்தின் பெயரும் தலைமைக் கடவுச்சொல்லும் தங்களிடமே இருக்கும்படி முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ள அறிவுறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

12. எல்லாம் திருத்தப்பட்ட பின் என் கைபேசி எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். விரைந்து ஆவன செய்யுங்கள். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருகிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பவர் முதலில் அலுவலகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் நல்லது. இல்லையென்றால், தங்களுக்கு என்ன வேண்டும், மண்டபமா, தென்னங்கன்றா என்று நான் கேட்டுவிடக்கூடும்.

இணைப்பு: கைபேசித் திரையில் தெரியும் தளங்களின் படங்கள்.

இடம்: அறந்தாங்கி
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்
(ஒப்பம்)
கா. ஹாஜா முகைதீன்