நாலிலிருந்து ஒன்பதுக்கு

அண்ணாச்சி, இன்று காலை கடையைத் திறந்ததும் தேங்காயெண்ணெய் வாசனை. நேற்றுப் பயிற்சி முடிந்து போட்டுவைத்த சாக்குப்பைக்குள் உம்முடைய பழைய பேஸ்பால் கையுறை. தோல் இறுகாமலிருக்க யாரோ எண்ணெய் தடவியிருக்கிறார்கள், முன்பு நீர் செய்வதுபோலவே. ஷட்டரைப் பாதி தூக்கியபடியே உட்கார்ந்துவிட்டேன். அலுப்பு, வேறொன்றுமில்லை.

நீர் போய்ச்சேர்ந்தபிறகு நம் பேஸ்பால் அணியை என் தலையில் கட்டிவிட்டார்கள். யார் முதலில் அடிப்பது, யார் நாலாவது என்று சனிக்கிழமைதோறும் இந்தக் குழாய் வியாபாரி எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது கடை வழக்கம்: போன வாரம் ஓடிய சரக்கு முன்னால், ஓடாதது பின்னால். ஒருதரம் உம்மிடம் சொன்னபோது சிரித்தீர். "ஓய், ஒரு ஞாயிறு பாத்து ஆளை மாத்தினா எல்லா ஞாயிறும் மாத்திட்டேதான் இருக்கணும். சீசனை முழுசாப் பாரும்வே." பொறுமையாக நின்று எப்படியாவது முதல் கட்டமான பேஸுக்கு ஓடிச் சேருகிறவன் முதலில். ஓடிப்போய் நிற்பவர்களை ஓங்கி ஓர் அடியில் திரும்பக் கொண்டுவருகிறவன் நாலாவது. இவ்வளவுதான் என்பீர்.

உம் மகன்தான் நம் நாலாவது ஆள். நீர் போனதிலிருந்து அவன் மட்டையில் பந்து படவில்லை. மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தாயிற்று. மாற்றத்தான் வேண்டும், கடைசி ஒன்பதாம் இடத்துக்கு. ஆனால் நம்முடையது கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஊர். கடைசியில் ஆடுபவன் எதற்கும் ஆகாதவன் என்றே நினைப்பு.

முந்தாநாள் அவனைக் கடைக்குக் கூப்பிட்டேன்.

"சித்தப்பா, என்னை நாலுல வச்சிருக்கது அப்பாவை நெனச்சா?"

"ஆமாடே."

"அப்போ மாத்துங்கோ. ஒன்பதானாலும் சாரமில்ல, ஆடுவேன். ஆனா அம்மாட்ட நீங்கதான் சொல்லணும், கேட்டேளா? எனக்கு ஆவாது."

அன்று மாலையே கரமனையில் உம் வீட்டுக்குப் போனேன். மைனி முழுதும் கேட்டார்கள். பிறகு, "அவரு கண்ணை மூடின சூட்டோட எம்புள்ளையைக் கடைசில தள்ளியாச்சோ? ஓடாத சரக்கை ஒதுக்குத மாதிரி?"

வியாபாரிக்கு இதைவிட நேராக ஓர் அடி கிடையாது.

"மைனி, இந்த ஆட்டத்துல கடைசின்னு ஒண்ணு கெடையாது. ஒன்பதாமத்தவன் முடிச்சா மறுபடி முதலாமத்தவன் வருவான். இவன் ஓடிப்போய் நின்னாப் போதும், பின்னால வாரவன் அடிச்சுக் கொண்டாந்து சேத்திருவான்."

"பின்னால ஆளு உண்டும்லா?"

"உண்டு மைனி."

உள்ளே போய்விட்டார்கள். காப்பி வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வரிசை எழுத உம்மைப் பார்த்துக் கற்றேன். எழுதியதை ஆட்களின் வீடுகளில் சொல்ல மட்டும் நீர் தனியாகத்தான் போவீர். சில சனிக்கிழமைகளில் என் கடையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பீரே, ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்துதான் என்று இப்போது தெரிகிறது.

நாளை ஆட்டம். நாலுக்குப் புது ஆள் இறங்குகிறான். அவனுக்காக இன்னொருவனை வெளியே உட்கார வைத்திருக்கிறேன். வெளியே இருக்கப்போகிறவன் வீடு பேயாட்டில். போனில் சொல்லிவிடலாம். நீர் ஒருநாளும் போனில் சொன்னதில்லை.

ஷட்டரை இறக்கிவிட்டுப் பேயாடு பஸ்ஸுக்கு நிற்கிறேன்.