எஸ்எக்ஸ் வாங்கச் சொன்ன அண்ணனுக்கு

லிங்கி, மலேசியா
9.6.1993

இல்லண்ணே, நான் அதத் தொறந்து கெடுக்கல. ‘சின்னவன் ஏதாச்சும் நோண்டிட்டானா’ன்னு அப்பாவக் கேட்டிருந்தியே, அதுக்குத்தான் மொதல்ல பதில். மத்தபடி இங்க எல்லாரும் சொகம். அப்பாவுக்கு இருமல் கொறைஞ்சிருக்கு, அம்மா முட்டிக்கு எண்ணெ தேய்ச்சுக்கிட்டு நடமாடுது, நீ இருக்குற பெர்த்ல இப்ப குளிராம், கம்பளிய எடுத்துப் போட்டுக்கணுமாம், நேரத்துக்குச் சாப்பிடணுமாம். இதெல்லாம் அப்பா எழுதச் சொன்னது, எழுதிட்டேன். கம்ப்யூட்டர் நல்லா ஓடுதுன்னும் எழுதச் சொன்னாரு, பெரியவன் தூரத்துல இருக்கான், அவன் மனச சங்கடப்படுத்தாதடான்னாரு. அத மட்டும் நான் எழுத மாட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எதுக்கு வாங்குனதுன்னு ஞாபகம் இருக்கா ஒனக்கு? நம்ம பஞ்சாலை அக்கா சிரம்பான்ல ப்ளான் வரையப் படிச்சு முடிச்சிருச்சு. மந்தின்ல வீடு கட்டி விக்கிற சீனத் தவுக்கே ரெண்டு வீட்டு ப்ளான குடுத்து, கம்ப்யூட்டர்ல வரைஞ்சு கொண்டா, சரியா இருந்தா மாசச் சம்பளத்துக்கே எடுத்துக்கிறேன்னாரு. அக்கா அம்மா மாதிரி ரப்பர் மரத்துல பால் வெட்டப் போகாம இருக்க இது ஒண்ணுதான் வழி. அதுக்காகத்தான் அப்பா மாட்ட வித்தாரு. நான் கம்ப்யூட்டர் கடையில ஒரு வருசமா ஸ்க்ரூ டிரைவர் புடிக்கிறவன், டிஎக்ஸ் மாடல் வாங்குங்கப்பா, எஸ்எக்ஸ் இந்த வேலைக்கு ஆகாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். ஃபார்ம் த்ரீல ஸ்கூல விட்டு ஓடியாந்தவன் சொல்லி நான் சாமான் வாங்கணுமான்னு கேட்டுட்டு, நேரா ஒனக்குக் கடுதாசி போடச் சொன்னாரு. அதையும் நான்தான் எழுதுனேன் பாரு. நீ என்னா எழுதுன? ரெண்டும் நானூத்தி எண்பத்தாறு, ரெண்டும் முப்பத்து மூணு வேகம், எழுத்துதான் மாத்தம், கடக்காரன் காசு கூட வாங்குறதுக்குப் பண்ற வேல. அந்தக் கடுதாசிய சட்டப் பையில வச்சுக்கிட்டு வந்து எங்க மொதலாளி கணேசமூர்த்திகிட்டயே காட்டுனாரு. அவரு என்னயப் பாத்து, ஒங்க வீட்டுல டெக்னீசியன் நீயா ஒங்கண்ணனான்னு சிரிக்கிறாரு. எங்க மூஞ்ச வச்சுக்கிறது சொல்லு.

போன வாரம் கடையில இருக்குற ரெண்டு மாடலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பாத்தேன். கடுதாசி டைப் அடிச்சா ரெண்டும் ஒண்ணு, ஒத்துக்கிறேன். புள்ளி வச்ச கணக்கு நெறைய உள்ள ஒரு ஷீட்டப் போட்டேன், டிஎக்ஸ் பன்னண்டு செக்கண்ட்ல முடிச்சிருச்சு, எஸ்எக்ஸ் ஒன்றர நிமிசமா முக்குது. ப்ளான் வரையுற புரோகிராம் எஸ்எக்ஸ்ல தொறக்கவே இல்ல, கணக்குச் சில்லு இல்லன்னு ஒரு வரி எழுதிக் காட்டிட்டு வெளிய தள்ளிருச்சு. டிஎக்ஸ்ல அந்தச் சில்லு உள்ளயே இருக்கு. அவ்வளவுதாண்ணே வித்தியாசம், அதுதான் அக்காவோட சோறு. ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன், ஸ்டோர்ல ரெண்டு பேரு ஒரே அளவு ரப்பர் பால் கொண்டாந்து வைக்கிறான், வாளியப் பாத்தா ஒண்ணுதான், கணக்கெழுதுற கிராணி கண்ணாடிக் குச்சிய உள்ள வுட்டுப் பாத்தாத்தானே எதுல ரப்பர் கித்தா இருக்கு எது தண்ணின்னு தெரியும், முப்பத்து மூணு வேகங்கிறது வெறும் வாளிதாம்ப்பா, குச்சி வுட்டது நான். இருவது வருசமா ஆளுங்கள வேல வாங்குற மண்டோரா இருக்கிற மனுசன், ஒரே வாட்டியில புரிஞ்சிருச்சு. புரிஞ்சும் எழுந்து போயி அந்தக் கம்ப்யூட்டர் மேல ஒரு துண்டப் போட்டு மூடுனாரு.

இப்ப கேளு. மொதலாளி எஸ்எக்ஸத் திரும்ப எடுத்துக்கிட்டு டிஎக்ஸ் போட்டுத் தரேன்னுட்டாரு, மிச்சத்த என் சம்பளத்துல புடிச்சுக்குவாரு, ஒன் காசு ஒண்ணும் வேணாம். ஆனா இருவத்தாறாந்தேதி சனிக்கிழமைக்குள்ள கொண்டு போவணும். தவுக்கேயும் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பாரு. அப்பா வுட மாட்டேங்கிறாரு. பெரியவன் வார்த்த இல்லாம அதுல ஒரு ஆணியக் கழட்டக் கூடாதாம். சரியாத் தெரிஞ்சவன் பக்கத்துல நிக்கிறான், அவன் பேச்சுக்கு மதிப்பு இல்ல, மூவாயிரம் மைல் தள்ளி இருக்கிறவன் சொல்றது சாமி வாக்கு. அக்கா நேத்துக் காலையில அம்மாவோட பால் வெட்டுற கத்திய எடுத்துத் தீட்டிக்கிட்டு இருந்துச்சு.

அதனால எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போடு. பால் நிறுத்து முடிஞ்சு மத்தியானம் ஒரு மணிக்கு மணியம் கிராணி இருப்பாரு, அப்பாவக் கூப்பிட்டு வுடுவாரு. நான் சொன்னது தப்பு, சின்னவன் சொல்றபடி செய்ங்கன்னு ஒன் வாயால சொல்லு. சுத்தி வளைக்காத. கடுதாசி வேணாம், அதுக்குள்ள வந்து சேராது. இனிமே தெரியாததக் கேட்டா தெரியாதுன்னு எழுது, படிச்சவனுக்கு அது ஒண்ணும் கொறச்சல் இல்ல.

அப்பாவுக்குத்தான் கையெழுத்துக்கு மேல தமிழு வராதே, காலையில ஆள் பேரு கூப்பிடுற பெரட்டுக்குப் போறப்பவே வெறுந்தாளுக்கு அடியில கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. நீண்ட ஆயுசோட நோய்நொடி இல்லாம இருக்கணும்னு ஒனக்கு ஆசீர்வாதம் சொன்னாரு. மனசாரத்தான் சொன்னாரு, அதுல ஒரு வார்த்த நான் மாத்தல. போன் வந்துச்சுன்னா அந்த ஆசீர்வாதத்துல என் பங்கையும் சேத்துக்க. சனிக்கிழமை, மறந்துறாத. பஸ்ஸு வந்துருச்சு, நான் போவணும்

இப்படிக்கு,
ஒன் அப்பா
முருகையா