பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது

மச்சான்,

போன கிழமை மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காகக் கல்முனையில் கண் டொக்டரிடம் போயிருந்தேன். என் மகளின் வயதிருக்கும் பெண். லாச்சியை இழுத்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பக்கம் நிறைய வண்ணப் புள்ளிகள், நடுவில் ஒளிந்திருக்கும் ஓர் இலக்கம். அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அங்கிள்?" என்று கேட்டார். உன்னிலிருந்து தொடங்காமல் அதை எப்படிச் சொல்வது?

சின்ன வயதில் கடற்கரையோரமாக ஹெலி பறந்தால் நாம் இருவரும் மணலில் அதன் நிழலுக்குப் பின்னால் ஓடுவோம். நிழலை மிதிப்பவனுக்கு வெற்றி. ஒருநாளும் இருவரும் மிதித்ததில்லை. உண்மையைச் சொன்னால், ஏறிப் பறக்கும் ஆசை உன்னைவிட எனக்குத்தான் கூட. விமானப்படைக்கு விமானி எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி உன் வீட்டுக்குக் கொண்டுவந்தவனே நான்தானே.

கொழும்பில் மெடிக்கல் பரிசோதனை. உன்னை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாய். "மச்சான், உள்ளுக்க புள்ளிப் புத்தகம் ஒண்டு இரிக்கி. நீ பச்சையையும் சிவப்பையும் மாத்துறவன். உனக்கு ஒண்டும் தெரியாது. இதக் கெதியாப் பாடமாக்கு" என்றாய். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று, பதினைந்து, எழுபத்திநாலு. பள்ளிக்கூடத்தில் நான் மண்ணிறத்தில் கிளி வரைந்ததை நீ மறக்கவில்லை. எனக்கு அப்படியொரு குறை இருப்பது அந்தத் தூணடியில்தான் எனக்கே தெரியவந்தது.

மனப்பாடமாக்கிக்கொண்டு உள்ளே போனேன். அங்கிருந்த டொக்டர் புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினார். எனக்குப் புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வாய் மட்டும் "பன்னிரண்டு" என்றது. இன்னொரு பக்கம். "எட்டு" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். நீ பாதி வழியில் வாய் திறந்தாய். "நீ இல்லாம நான் மட்டும் என்னத்துக்கு? நானும் போகல்ல." உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். சொன்னால் செய்துவிடுவாய். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். "விசர்க் கதை கதைக்காத. எனக்கு உயரமெண்டாப் பயம். தப்பினன் எண்டு சந்தோசமா இரிக்கன்."

"உம்மாவாண?" என்று சத்தியம் கேட்டாய்.

"ஓம்" என்றேன்.

பிறகு, "அதான் நீ ஒருநாளும் தென்னையில ஏறல்ல!" என்று சொல்லி, கொண்டக்டர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாய். நான் ஏறாதது சோம்பலில், மச்சான்.

நீ போனாய். திருகோணமலையில் முதன்முதலாகத் தனியே பறந்து இறங்கிய அன்று வழக்கப்படி உன் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்களாம். அந்தத் தண்ணீரைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாய். பறந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. அடியில், "உனக்குத் தலை சுத்தும் எண்டு அதெல்லாம் எழுதல்ல" என்றிருந்தது. அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை.

சண்டைக் காலத்தில் ஹெலியில் காயக்காரரை ஏற்றி இறக்கினாய். அதைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டாய். பொத்துவில் பக்கம் வெள்ளம் வந்தபோது பசித்த சனத்துக்குப் பாண் மூட்டைகளை இறக்கினாய். கோமாரியில் நிறைமாதப் பெண்ணொருத்தியைக் கூரையிலிருந்து தூக்கினாய். பிறக்கும் பிள்ளைக்கு உன் பெயரைத்தான் வைப்போம் என்று நின்றார்கள். பிறந்தது பெண்பிள்ளை.

குடும்பத்தாரை முகாமுக்கு அழைத்து ஹெலியில் ஏற்றிக் காட்டிய அந்த நாள் ஞாபகமிருக்கிறதா? என் மனைவியையும் பிள்ளைகளையும் முதல் ஆளாக ஏற்றினாய். என்னை மட்டும் நிழலில் கதிரை போட்டு இருத்தி, கையில் சோடாப் போத்தலைத் தந்து, "நீ மேல பாக்காத மச்சான், நிலத்தப் பாத்துக்கொண்டு இரி" என்றாய். மயங்கி விழுந்தால் பிடிப்பதற்கு ஒரு சிப்பாயையும் பக்கத்தில் நிறுத்தினாய். ஹெலியின் நிழல் புல்லில் என் காலடிவரை வந்து போனது. உன் அன்பை நினைத்து அழுவதா, உன் பிடரியில் ஒன்று போடுவதா என்று தெரியாமல் சோடாவைக் குடித்தேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தாய். ஹெலி ஓட்டிய நீ கல்முனைச் சந்தியில் வாகனங்களுக்குப் பயந்து ஸ்கூட்டியை இறங்கித் தள்ளிக்கொண்டு போவாய். பின்னேரங்களில் என் புடவைக்கடையில் வந்திருந்து, நான் துணியை விரிக்கும்போது காதுக்குள் "பச்சை", "சிவப்பு" என்று சொல்லித் தருவாய்.

நீ கடைசிப் படுக்கையில் கிடந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ முந்திக்கொண்டாய். "மச்சான், நீ பயந்தவனா இரிந்தது நல்லதாப் போய்த்து. இல்லாட்டி அண்டைக்கு நான் போயிரிக்க மாட்டன். இந்த ஹயாத்து வாழ்க்கையில நான் பறந்ததெல்லாம் இல்லாமப் போயிரிக்கும்." உன் முகத்தில் அப்படியொரு நிறைவு. நான் மறுபடியும் "ஓம்" என்றேன்.

இப்போது சொல்கிறேன். எனக்கு உயரம் பயமில்லை, மச்சான். ஒருநாளும் இருந்ததில்லை. ஒரே ஒருமுறை உன் பக்கத்தில் இருந்து நம் கடற்கரையைப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால், நீ பறந்ததில் எனக்கு வருத்தமில்லை. பெருமைதான்.

கண் டொக்டர் புத்தகத்தை விரித்தார். இம்முறை முன்னாலிருந்து. அவர் புரட்டப் புரட்ட நான் சொன்னேன். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று, பதினைந்து, எழுபத்திநாலு. நல்லவேளை, அதோடு நிறுத்திவிட்டார்.

"எல்லாம் சரி அங்கிள். நிறம் பாக்கிறதுல உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க பிளேனே ஓட்டலாம்" என்றார்.

"அதுதான் ஏலாது மகள்," என்றேன். "எனக்கு உயரமெண்டாப் பயம்."